ரெண்டர் ஆவுதும்மா

என் கடைக் கம்ப்யூட்டரும் நானும் ஒரே ரகம். ஒரு வேலை கொடுத்தால் முனகிக்கொண்டே செய்வோம். கூடவே இன்னொன்றையும் கொடுத்தால் உடம்பு சூடாகி, மூச்சு இரைத்து, கண்ணைத் திறந்தபடியே அசையாமல் நின்றுவிடுவோம். கம்ப்யூட்டருக்காவது அப்போது பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்க ஆள் இருக்கிறது. எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை.

நகரியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். வீட்டின் முன்னறைதான் கடை. தெருவில் இரண்டு பக்கமும் பவர்லூம். எல்லாத் தறியும் ஒன்றாக ஓடும்போது என் கடைக் குழல்விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டும். அது சிமிட்டினால் என் அடிவயிறும் சிமிட்டும். காரணம், பெரும்பாலும் அந்த நேரத்தில் உள்ளே ஒரு படம் ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கும்.

ரெண்டர் என்றால் வேறொன்றும் இல்லை. சித்தூர்ப் பக்கத்தில் கரும்புச்சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சி வெல்லம் இறக்குவார்களே, அந்த வேலைதான். பகலெல்லாம் உட்கார்ந்து வெட்டி ஒட்டிய துண்டுகள், பின்னணிப் பாட்டு, பூ மாரி, ஜோடிக்குப் பின்னால் நான் பறக்கவிடும் இரண்டு புறா, எல்லாவற்றையும் ஒன்றாகக் காய்ச்சி ஒரே படமாக இறக்க வேண்டும். கேமராவை மட்டும் புதிதாக மாற்றிவிட்டேன். அது எடுக்கிற படம் அத்தனை பெரியது, அத்தனை தெளிவு, மாப்பிள்ளையின் மூக்கில் இருக்கும் வியர்வையை எண்ணலாம். கம்ப்யூட்டர் பழசு. புதுக் கேமரா கொடுப்பதைப் பழைய கம்ப்யூட்டர் விழுங்குவது, பல் இல்லாதவருக்கு முறுக்கு கொடுத்தது மாதிரி. விழுங்கும். எப்போது என்று கேட்கக் கூடாது.

ரெண்டர் ஆகும்போது வீட்டில் சில சட்டங்கள் உண்டு, போட்டவன் நான். மவுஸைத் தொடக் கூடாது. அந்த மேசையில் டம்ளர் வைக்கக் கூடாது. முக்கியமாக, மிக்ஸி போடக் கூடாது. மிக்ஸி போட்டதால் ஒருமுறை கரண்ட் இறங்கி எல்லாம் போயிற்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் வீட்டுக்காரிக்கு அந்த நம்பிக்கை இல்லை.

"தோசைக்குத் தொட்டுக்க இன்னாய்யா வெக்கறது?" என்று கேட்பாள். "உன் பர்சன்டேஜா?"

பர்சன்டேஜ் என்றது, திரையில் நூற்றுக்கு இத்தனை முடிந்தது என்று ஒரு கோடு நகருமே, அதை. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்காவிட்டால் நின்றுவிடும் என்று ஒரு பயம். பார்த்தால் வெட்கப்பட்டு நின்றுவிடுமோ என்று இன்னொரு பயம். அதனால் ஓரக்கண்ணால் பார்ப்பேன். கழுத்து சுளுக்கி மூலிகை எண்ணெய் தடவிக்கொண்டதும் உண்டு.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் அந்த அம்மா ஒரு படத்தை ஒப்படைத்தார்.

பிச்சாட்டூர்ப் பக்கத்தில் எல்லைக் கிராமம் ஒன்று அவர் ஊர். கணவர் தவறிய பிறகு குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போனவர். மகளை அங்கிருந்தே படிக்க வைத்தார். மகள் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை செய்த திருப்பதிப் பையன் ஒருவனைப் பிடித்துப்போயிற்று. பையன் வீட்டில் தெலுங்கு, பெண் வீட்டில் தமிழ். இரண்டு மொழியிலும் கொஞ்ச நாள் சண்டை போட்டார்கள், பிறகு இரண்டு மொழியிலும் பத்திரிகை அடித்தார்கள். திருப்பதியில் அலிபிரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அம்மா லீவு போட்டு வந்தார்.

அப்பா இல்லாத பெண் என்பதால் மேடையில் மாமாவும் அத்தையும் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். அம்மா சாமான் அறைச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "எனக்கு வேல இருக்குதுப்பா" என்றார். யாரும் வா என்று கூப்பிடவில்லை. இப்படிக் கூப்பிடாமல் இருப்பதும் நம்மிடம் ஒரு வழக்கமாக இருக்கிறது.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து என் கடைக்கு வந்தார்.

"அண்ணா, நான் ஒண்ணும் பாக்கல. குவைத்துக்குப் போறதுக்கு முன்ன, எம் பொண்ணு பக்கத்துல குந்திக்கினு ஒருவாட்டி பூரா பாத்துட்டுப் போவணும்."

"அவசரப்பட்டா நல்லா வராதும்மா. நீங்க அங்க போனதும் போன்லயே அனுப்பிடறேன்."

"அங்க தனியா பாத்தா அழுகதாண்ணா வரும். இங்கன்னா சிரிச்சிக்கினு பாக்கலாம்."

இதற்கு மேல் என்ன பேச முடியும்? எப்போது பயணம் என்று கேட்டேன். வியாழக்கிழமை ஃப்ளைட் என்றார். சரி, புதன்கிழமை காலையில் ரெண்டருக்குப் போட்டால் பகல் முழுக்க இருக்கிறது, ராத்திரி முழுக்க இருக்கிறது, வியாழன் காலையில் தலை வாரிப் பொட்டு வைத்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை ஃப்ளைட் என்றால் வியாழன் விடியும் முன்னே என்றும், அதற்குப் புதன் சாயங்காலமே சென்னைக்குக் கிளம்ப வேண்டும் என்றும் எனக்கு யார் சொன்னார்கள்? விமானத்தில் ஏறினவன் அல்ல நான். அது மேலே போகும்போது கேமராவைத் தூக்கி எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை. படத்தை ரெண்டருக்குப் போட்டேன். தகட்டைக் கழற்றினேன். ஃபேனைத் திருப்பினேன். சாமி படத்துக்கு ஒரு கும்பிடு, கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு. தெருவில் தறிகள் முழு ஓட்டத்தில் இருந்தன. அப்போது அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, இன்னா ஆச்சு? படம் எப்போ ஆவும்?"

"ரெண்டர் ஆவுதும்மா!"

"இன்னா?"

தறிச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன். "ரெண்டர்! ரெண்டர் ஆவுது!"

அவர் ஏதோ சொன்னார். "சரிண்ணா" என்பது மட்டும் காதில் விழுந்தது. எவ்வளவு பொறுமையான வாடிக்கையாளர் என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு, மறுபடி ஓரக்கண் வேலைக்குப் போனேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். ரசம் ஊற்றுகிற நேரம் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மேலே கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் பெயரும் ஊரும். காரிலிருந்து அம்மா இறங்கினார், மகள் இறங்கினாள், மாப்பிள்ளை இறங்கினார். ரசக் கையோடு வாசலுக்கு வந்தேன்.

"ரெண்டாச்சுண்ணா" என்றார் அம்மா.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "ஆமாம்மா, ரெண்டாச்சு. சாப்டீங்களா?"

"ஆச்சுண்ணா. கரெக்டா டயத்துக்கு வந்துட்டோம் பாத்தியா?"

"எதுக்கும்மா?"

"எதுக்கா? நீதானண்ணா காலைல போன்ல அப்டி கத்தன? ரெண்டு ஆவுது, ரெண்டு ஆவுதுன்னு?"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது, ஆனால் புரியாத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் ஏதாவது மாறுமா என்று பார்த்தேன். தமிழிலும் ரெண்டுதான், தெலுங்கிலும் ரெண்டுதான். இரண்டு பாஷை பேசுகிற ஊரில் தப்பிக்க ஒரு சந்து கூட இல்லை.

"சாயங்காலம் அஞ்சுக்குள்ள கெளம்பியாவணும்" என்றார் டிரைவர், காரைத் துடைத்துக்கொண்டே. "டிராபிக்ல மாட்டிக்கினா ஃப்ளைட்டு போயிடும். இதுக்கோசரம்தான் நகரி வழியா சுத்திக்கினு வந்தோம்."

"நாளைக்கு இல்ல ஃப்ளைட்டு?" என் குரல் எனக்கே பூனைக்குட்டி மாதிரி கேட்டது.

"விடியறதுக்குள்ளண்ணா" என்றாள் மகள்.

எல்லோரும் உள்ளே வந்து திரையைப் பார்த்தார்கள். கோடு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. பக்கத்தில், இன்னும் இவ்வளவு நேரம் ஆகும் என்று அது ஒரு கணக்கு காட்டும். காலையில் காட்டியதைவிட இப்போது அதிகமாகக் காட்டியது. வேலை செய்யச் செய்ய மீதி வேலை கூடிக்கொண்டே போவது, என் கம்ப்யூட்டரிலும் அரசாங்க ஆபீசிலும் மட்டும் நடக்கும்.

மாப்பிள்ளை குனிந்து, தகடு கழற்றிய கம்ப்யூட்டரின் உள்ளே பார்த்தார். செல்போன் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். ஆஸ்பத்திரியில் நம்முடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு முகம் வைத்துக்கொள்வாரே, அந்த முகம் வைத்துக்கொண்டார். மெதுவாகக் கேட்டார்.

"இங்கா எந்த சேப்பு பட்டுந்தி அண்ணா?"

இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்கிறார். "அய்ப்போதுந்தி, அய்ப்போதுந்தி" என்றேன். முடிந்துவிடும், முடிந்துவிடும். என் முதுகுக்குப் பின்னால் திரை அதை மறுத்துக்கொண்டிருந்தது.

பதற்றம் வந்தால் நான் ரொம்ப உபசரிப்பேன். எல்லோருக்கும் நாற்காலி போட்டேன். போட்ட நாற்காலியைத் துடைத்தேன். அதில் டிரைவர் உட்கார்ந்திருந்தார், அவரையும் சேர்த்துத் துடைத்தேன். மாப்பிள்ளையிடம் ஸ்ரீ சிட்டியில் மழை உண்டா என்று கேட்டேன். பதில் வருவதற்குள் மறுபடி அதையே கேட்டேன். மனசுக்குள் பொய்கள் வரிசையில் வந்து நின்றன. வைரஸ் வந்துவிட்டது என்று சொல்லலாமா? கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாமா? தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கமாக ஓடிவிடலாமா என்றும் ஒரு யோசனை. பின்பக்கம் போனால் பாத்ரூம்தான் இருக்கிறது. அங்கே போய்ப் பூட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு மேல் வெளியே வரலாம்.

அந்த அம்மாவுக்கு மட்டும் பதற்றமே இல்லை. மகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, புடவைக் கொசுவத்தை ஒதுக்கி, சினிமாக் கொட்டகையில் உட்காருகிறவர் மாதிரி வசதியாக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு கோடும் ஒரு எண்ணும் மட்டும் இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இதான் படமாண்ணா?" என்றார்.

அந்தக் கேள்வியில் கேலி இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

வீட்டுக்காரி என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். "நிறுத்திட்டு அப்டியே ஓட்டிக் காட்டேன்யா. நீ வெட்டி ஒட்டறப்ப பாத்துக்கினே இருப்பியே, அது படம் இல்லாம இன்னாவாம்?"

"அது நின்னு நின்னு ஓடும்மே. சாறு மாதிரி. இன்னும் வெல்லம் ஆவல."

"சாறு குடிக்க மாட்டாங்களா?"

திரும்பி வந்து மவுஸைப் பிடித்தேன். ரெண்டரை நிறுத்தும் பொத்தானை அமுக்கினால், காலையிலிருந்து காய்ச்சியது அத்தனையும் சாக்கடையில். நிச்சயமாக நிறுத்தட்டுமா என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் கேட்டது. என் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைக் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்று அமுக்கினேன். அது நிறுத்துவதற்கும் தனியாகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. நாங்கள் அனைவரும் காத்திருந்தோம். வேலை செய்யவும் நேரம், வேலையை விடவும் நேரம். சொன்னேனே, ஒரே ரகம்.

படத்தை ஓட்டினேன். பன்னீர் தெளிக்கிற பெண் கையைத் தூக்கினாள். தூக்கியபடி நின்றுவிட்டாள். நாதஸ்வரம் நிற்கவில்லை, அது பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று படத்துக்கு ஞாபகம் வந்து, ஒரு தாவு தாவி நாதஸ்வரத்தைப் பிடித்தது. அதற்குள் பன்னீர்ப் பெண் போய்விட்டாள், மாப்பிள்ளை வந்திருந்தார். வாயைத் திறந்து கொட்டாவியின் நடுவில் அவரும் நின்றார்.

"நேனு அட்லா உன்னானா?" என்றார் மாப்பிள்ளை. நான் இப்படியா இருக்கிறேன் என்கிறார்.

"எப்பவும் அப்டிதான்" என்றாள் மகள். "படம் ஓடினாலும் அப்டிதான்."

அம்மா சிரித்தார். சிரிக்கிறார்களே என்று எனக்கு உயிர் வந்தது. நின்று நின்று ஓடுவதை ஒரு விளையாட்டாக ஆக்கிவிட்டார்கள். யார் எந்தக் கோலத்தில் நிற்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். சம்மந்தியம்மாள் நாற்காலியில் உட்காரப் போகும்போது பாதியில் நின்றார், உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. டிரைவர் கூட உள்ளே வந்து கதவோரம் நின்று பார்த்தார். தெருவில் தறிகள் சாப்பாட்டு நேரம் முடிந்து மறுபடி ஓடத் தொடங்கின, குழல்விளக்கு ஒருமுறை சிமிட்டியது, என் அடிவயிறும் சிமிட்டியது. படம் தாங்கிவிட்டது.

தாலி கட்டும் இடம் வந்தது. அம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். ஐயர் தட்டைக் காட்ட, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டாயிற்று. மாப்பிள்ளை மஞ்சள் கயிற்றைக் கையில் எடுத்தார். பெண் தலையைக் குனிந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. படம் நின்றது.

கயிறு மாப்பிள்ளை கையில். கெட்டிமேளம் ஓடுகிறது. கயிறு அங்கேயே. மேளம் உச்சத்துக்குப் போகிறது. நான் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், மேசையைப் பிடித்தால் படம் நகரும் என்பது போல. அப்புறம் படம் தாவியது. அட்சதை விழுந்துகொண்டிருந்தது, மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாலி ஏறி முடிந்திருந்தது.

"கட்டியாச்சா?" என்றார் அம்மா.

மகள் என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

"இங்கயும் எனக்குக் காட்ட மாட்டேன்னுது பாரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை.

நான் எழுந்து சண்டை போடுகிறவன் மாதிரி சட்டைக் கையை மடக்கினேன். "இரும்மா" என்றேன். படத்தைக் கயிறு எடுக்கிற இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோனேன். ஓட்டவில்லை. விசைப்பலகையில் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினேன். ஒரு தட்டுக்கு ஒரு படம். கயிறு ஒரு மயிரிழை நகர்ந்தது. இன்னொரு தட்டு. இன்னொரு மயிரிழை. இதற்குக் கம்ப்யூட்டர் மறுப்பு சொல்லாது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை அல்லவா. சத்தம் இல்லை, மேளம் இல்லை. டக், டக் என்று என் விரல் மட்டும்.

மாப்பிள்ளையின் கை நடுங்குவது ஒவ்வொரு படத்திலும் தெரிந்தது. அம்மா அதைக் கண்டுபிடித்தார். "கை நடுங்குது பாரு புள்ளைக்கு." மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதல் முடிச்சு. மெதுவாக, மெதுவாக. இரண்டாவது. மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனாரின் வளையல் கை உள்ளே வந்தது. அம்மா மூச்சு விடாமல் பார்த்தார்.

அப்போது மகளின் முகத்தில் ஒன்று தெரிந்தது. ஓட்டத்தில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன், எனக்கே தெரிந்ததில்லை. குனிந்த தலை குனிந்தபடி இருக்க, கண் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் போயிற்று. ஒரு தட்டுக்கு ஒரு துளி. கூட்டத்தின் ஓரம் வரை போய், அங்கே கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது.

"யாரத் தேடற?" என்றார் அம்மா.

"உன்னதான்" என்றாள் மகள்.

அம்மா புடவை நுனியைச் சரி செய்தார். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "நான் வேலயா இருந்தேன்."

"அப்டி இன்னா வேல உனக்கு? எங்கதான் போன நீ? இவ்ளோ நேரம் பாத்தோம், படத்துல ஒரு எடத்துல கூட நீ இல்ல."

மகள் கேட்டது அம்மாவை. ஆனால் எனக்குத்தான் வியர்த்தது. அந்த அம்மா எல்லா இடத்திலும் இருந்தார். கையில் ஒரு பாத்திரத்தோடு கேமராவுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டே இருந்தார். நல்ல நல்ல காட்சியின் நடுவில் ஒரு பச்சைப் புடவை பறக்கும். யார் இந்தம்மா, படத்தைக் கெடுக்கிறார்களே என்று மண்டபத்திலேயே முணுமுணுத்தேன். எடிட்டிங்கில் உட்கார்ந்து, யார் முகம் என்றுகூடப் பார்க்காமல் பச்சை வந்த இடத்தையெல்லாம் கத்தரித்து, என் தொழில் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

கத்தரித்ததை ஒரு மூலையில் ஒதுக்கி வைப்பது என் பழக்கம். வெல்லம் இறக்கியிருந்தால் அந்தச் சக்கையை அன்றைக்கே அழித்து இடம் பண்ணியிருப்பேன். இறக்கவில்லை, அதனால் இருந்தது.

"இருக்காங்கம்மா" என்றேன் மகளிடம். "ஓரமா வெச்சிருக்கேன்." அவ்வளவுதான் சொன்னேன். எங்கே ஓரமாக வைத்தேன், ஏன் வைத்தேன் என்பதையெல்லாம் விவரிக்கிற அளவுக்கு நான் உத்தமன் இல்லை.

அந்தத் துண்டுகளைப் போட்டேன். அம்மா கூடையோடு குறுக்கே ஓடினார், பாதியில் நின்றார், தாவிக் காணாமல் போனார். இலைக்கட்டோடு வந்தார். யாரையோ அதட்டினார். "நானா இப்டி கத்தறேன்?" என்று கேட்டார், மகள் ஆமாம் என்று தலையாட்டினாள். அப்புறம் சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் இல்லாமல் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்த இன்னொரு கேமராவின் துண்டு ஒன்று. வந்து சாப்பிடுகிறவர்களின் கூட்டம் பதிவாகட்டும் என்று வைத்தது. கூடம் காலி. எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அம்மா மட்டும் ஒரு தூக்குவாளியோடு வருகிறார். தூரத்தில் கெட்டிமேளம் கேட்கிறது. அங்கிருந்து மேடை தெரியாது, நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அவர் வாளியைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்தார். சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. நான் எதையும் தட்டவில்லை.

மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை தெருவைப் பார்த்தார். என் வீட்டுக்காரி டீ போடப் போகிறேன் என்று உள்ளே போனாள், ஏற்கெனவே எல்லோர் கையிலும் டீ இருந்தது.

படம் தானாகத் தாவியது. கும்பிட்ட கை பிரிந்தது. பிரிந்த கை நேராகப் பக்கத்து மேசைக்குப் போய் ஒரு வடையை எடுத்தது. அம்மா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், முழு வடையில் பாதியை ஒரே கடியில் வாய்க்குள் தள்ளினார். கன்னம் உப்பியது. அந்த உப்பிய கன்னத்தோடு படம் மறுபடி நின்றது.

மகள் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "அய்யோம்மா! இன்னாமா இது!"

"காலைலேர்ந்து ஒண்ணும் துன்னலடி" என்றார் அம்மா, முகத்தை மறைத்துக்கொண்டு. "தாலி ஏறாம எப்டி துன்றது? அண்ணா, மொதல்ல அத எடுத்துடு. சம்மந்தி ஊட்ல பாத்தா இன்னா சொல்வாங்க? பொண்ணு கழுத்துல தாலி ஏறுது, இவ வடை துன்னுக்கினு கீறான்னுவாங்க."

"எடுக்காதீங்கண்ணா" என்றாள் மகள்.

"எடுண்ணா."

"இருக்கட்டும்ணா."

"ஏண்டி, ஒங்கொம்மா மானம் போனா ஒனக்கு சந்தோசமா?"

"வடையும் வேணும், கும்பிட்டதும் வேணும். எனக்கு ரெண்டும் வேணும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். அவர் எப்போது காருக்குப் போனார் என்று கூடத் தெரியவில்லை. வெயில் தாழ்ந்திருந்தது. படத்தில் இன்னும் சாப்பாடு இருந்தது, ஊர்வலம் இருந்தது, என் இரண்டு புறா இருந்தன. எதையும் பார்க்கவில்லை. "போதும்ணா" என்றார் அம்மா. "பாக்க வேண்டியத பாத்துட்டேன்." மீதியை அங்கே போனதும் போனில் அனுப்பச் சொன்னார். மகளும் மாப்பிள்ளையும் ஏர்போர்ட் வரை கூடப் போகிறார்கள். எல்லோரும் ஏறினார்கள். அட்டைப்பெட்டிகள் ஆடின. கார் கிளம்பித் தெருமுனை வரை போனது.

முனையில் நின்றது. பின்னோக்கியே வந்தது. போச்சு, பாஸ்போர்ட்டை என் கடையில் விட்டுவிட்டார்கள் என்று நான் நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடத் தொடங்கிவிட்டேன்.

கண்ணாடி இறங்கியது. அம்மா தலையை வெளியே நீட்டினார். "அண்ணா, மறந்துடாத. அந்த வடைய எடுத்துடு."

அவர் தோளுக்குப் பின்னால் மகள், கூடாது கூடாது என்று என்னிடம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்றும் கொள்ளலாம், மாட்டேன் என்றும் கொள்ளலாம், அப்படி ஒரு தலையாட்டல் எங்கள் பக்கத்தில் உண்டு. அதை நன்றாக ஆட்டினேன். இருவரும் திருப்தியாகக் கையசைத்தார்கள். கார் போனது.

உள்ளே வந்து, சுவரைப் பார்த்துக் கும்பிட்ட அந்தத் துண்டைத் தாலி கட்டியதற்கு அடுத்தாற்போல் வைத்தேன். பச்சைப் புடவை பறந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே போட்டேன். வடைக்கு வந்தபோது கொஞ்ச நேரம் யோசித்தேன். முதல் கடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது கடியை மட்டும் வெட்டினேன். பெற்ற அம்மா கேட்டுக்கொண்டதற்கும் ஒரு மரியாதை வேண்டுமில்லையா?